புதுக் கருவி, புது அறிவியல்: நெட்டில் எதைப் பார்க்கலாம்? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு ஒரு செல்போன் சர்வீஸ் கடை. டிஸ்ப்ளே மாற்ற முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று சுவரில் இருக்கும் டிவியில் ராக்கெட், ஆழ்கடல், நுண்ணோக்கி என்று எதையாவது ஓடவிடுவேன். சீரியல் போடச் சொல்லிச் சண்டை பிடித்தவர்களும் உண்டு. பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவையும் நான் சொன்னவையும்தான் இங்கே இருக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள் சாமான் வாங்கப் புதுச்சேரி போவேன். அங்கே கேட்டதும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

இத்தனை வீடியோ கொட்டிக் கிடக்கிறதே, எதில் ஆரம்பிப்பது?

நேரலையில் ஆரம்பியுங்கள். என்ன ஆகப்போகிறது என்று நடத்துகிறவருக்கே தெரியாத காட்சியாக இருந்தால் இன்னும் நல்லது.

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நேரம். அன்று கடையில் நிற்க இடமில்லை. இஸ்ரோவின் யூடியூப் நேரலையை ஒரே சமயத்தில் 80 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியரின் மகன். அதனால் எங்கள் கூட்டத்துக்குப் படபடப்பு கொஞ்சம் கூடுதல். திரையில் இருந்ததெல்லாம் ஒரு அனிமேஷன், சில எண்கள், ஒரு வரைபடம். இறங்க வேண்டிய பாதைக்கு ஒரு கோடு, உண்மையில் இறங்கிக்கொண்டிருக்கும் பாதைக்கு ஒரு கோடு. அவ்வளவுதான்.

ஆனால் 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் கண்விழித்துச் சந்திரயான்-2 பார்த்தவர்களுக்கு அந்தக் கோடு என்ன என்று தெரியும். அன்று பச்சைக் கோடு சிவப்புக் கோட்டை விட்டு மெல்ல விலகியது. 2.1 கி.மீ. உயரத்துக்குக் கீழே போன பிறகு தொடர்பு அறுந்தது. நான்கு வருடம் கழித்து அதே மாதிரி வரைபடத்தைப் பார்க்கும்போது கோடு விலகுகிறதா, விலகுகிறதா என்றுதான் கண் போனது. கையில் பாதி பிரித்த போனோடு நின்றுகொண்டிருந்தேன். போனுக்குச் சொந்தக்காரர், "அத அப்புறம் பாக்கலாம்ணே, ஸ்க்ரூவ தொலச்சிடாதீங்க" என்றார்.

அன்றைக்கு விட்டவர்களுக்குச் சொல்கிறேன், இறங்கிய பிறகு போட்ட சுருக்க வீடியோவைப் பார்ப்பதும் நேரலையைப் பார்ப்பதும் ஒன்றில்லை. முடிந்துபோன கிரிக்கெட் மேட்சின் ஹைலைட்ஸ் போலத்தான் அது.

ராக்கெட்டை நெட்டில் பார்ப்பதா, பீச்சுக்குப் போய்ப் பார்ப்பதா?

இரண்டும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நின்றால் ஸ்ரீஹரிகோட்டா வடக்கே, நேர்க்கோட்டில் 220 கி.மீ. போல இருக்கும். பூமி உருண்டை என்பதால் ராக்கெட் ஏறக்குறைய 4 கி.மீ. உயரம் போன பிறகுதான் நம் தொடுவானத்துக்கு மேல் தலையைக் காட்டும். ஆகவே கவுன்ட்டவுன் முடிந்த அந்த நொடியிலேயே "எங்கடா, காணோமே" என்று கிளம்பிவிட வேண்டாம். ஒன்றிரண்டு நிமிடம் வடக்கே பார்த்தபடி இருங்கள். மேகமில்லாத இரவானால் ஒரு ஆரஞ்சுப் புள்ளி ஏறுவது தெரியும். சத்தம் வராது. பகல் நேரத்து ஏவுதலுக்கு இந்த அலைச்சல் வேண்டாம், பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

போனில் நேரலையையும் ஓடவிடுங்கள். நேரலை நம் கைக்கு வந்து சேரச் சில நொடிகள் தாமதமாகும். அதனால் முதல் கட்டம் எரிந்து முடிந்து புள்ளி மங்குவதை வானத்தில் நீங்கள் பார்த்துவிடுவீர்கள், போனில் இருப்பவர் அதற்கப்புறம்தான் அறிவிப்பார். பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிக் குஷி.

இதெல்லாம் எங்கேயோ நடக்கிற சங்கதி. நம்ம ஊருக்கும் அறிவியலுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியைப் புதுச்சேரிக்காரர் ஒருவர் கேட்டதுதான் வேடிக்கை. கியோம் லெ ஜான்ட்டி என்ற பிரெஞ்சு வானியலாளரின் கதையை அவருக்குச் சொன்னேன்.

சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் ஒரு கரும்புள்ளியாகக் கடந்து போவது அரிய நிகழ்வு. எட்டு வருட இடைவெளியில் இரண்டு முறை வரும், பிறகு நூறு வருடத்துக்கு மேல் வராது. அந்தக் காலத்தில் பூமிக்கும் சூரியனுக்கும் எவ்வளவு தூரம் என்று அளக்க அதுதான் நல்ல வழி. 1761 ஜூன் 6 அன்று அதைப் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காக லெ ஜான்ட்டி 1760-இல் பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார். அவர் வந்து சேர்வதற்குள் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது. நிகழ்வு நடந்த அன்று அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடுகிற கப்பலில் தொலைநோக்கியை வைத்து என்ன அளப்பது?

மனுஷன் ஊருக்குத் திரும்பவில்லை. அடுத்த முறைக்காக எட்டு வருடம் இந்தப் பக்கமே சுற்றினார். 1768-இல் புதுச்சேரி வந்து, இடிந்து கிடந்த கோட்டைப் பகுதியில் ஒரு ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். 1769 ஜூன் 4 காலை. சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடியது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்தது. பிரான்சுக்கு 1771-இல் போய்ச் சேர்ந்தால், அங்கே அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டி, சொத்தைப் பங்குபோட ஆரம்பித்திருந்தார்கள். அறிவியல் கழகத்தில் இருந்த இடமும் போயிருந்தது.

இங்கே இருந்த காலத்தில் அவர் இன்னொன்றும் செய்தார். உள்ளூர்த் தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். தரையில் சோழிகளை வைத்து எண்ணி நகர்த்தி, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு போடும் கணக்கு அது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் அந்தக் கணக்கு 41 நொடிதான் பிசகியது. அப்போது ஐரோப்பாவில் பெயர்பெற்றிருந்த டோபியாஸ் மேயர் என்ற வானியலாளரின் அட்டவணை 68 நொடி பிசகியது. எப்போதும் இவ்வளவு துல்லியமாக அமையவில்லை. 1825-இல் புதுச்சேரியில் ஒருவர் இதே முறையில் கணித்ததை ஜான் வாரன் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். அதில் கிரகணத் தொடக்கம் 4 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. என்றாலும் ஒரு பேப்பர், பேனா இல்லாமல் சோழியை நகர்த்திக் கிரகணம் சொல்வதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

2012 ஜூன் 6 வெள்ளி கடப்பை நெட்டில் பல நாடுகளிலிருந்து நேரலையாகக் காட்டினார்கள். ஒரு ஊரில் மேகம் என்றால் அடுத்த ஊருக்குத் தாவிக்கொள்ளலாம். அடுத்தது 2117 டிசம்பரில்.

"வாய் பிளக்க வைக்கும் பத்துக் கருவிகள்" மாதிரி வீடியோக்களை நம்பலாமா?

வேண்டாம். பாதி, வெறும் கம்ப்யூட்டர் வரைகலை. மீதி, பணம் திரட்டுவதற்காக எடுத்த விளம்பரம். பின்னணி இசை சத்தமாக இருந்து, கருவியை யாரும் கையால் பிடித்து ஓட்டிக் காட்டவில்லை என்றால் தள்ளிவிடுங்கள்.

அதற்குப் பதில், கருவியைப் பிரித்துக் காட்டும் வீடியோக்களைப் பாருங்கள். இது என் தொழில் புத்தி என்று வைத்துக்கொண்டாலும் சரி. மூடியைத் திறந்தால்தான் பேட்டரி எவ்வளவு பெரிது, எதைப் பசையால் ஒட்டியிருக்கிறான், எதை ஸ்க்ரூ போட்டிருக்கிறான், நாளைக்குக் கெட்டால் மாற்ற முடியுமா என்பது தெரியும். மடிக்கிற போனின் கீல் உள்ளே எத்தனை சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்தவர், நம் பீச் மணலில் அதை எடுத்துக்கொண்டு உட்கார மாட்டார்.

ஹியூமேன் ஏஐ பின் என்று ஒன்று வந்தது ஞாபகம் இருக்கிறதா? சட்டையில் குத்திக்கொண்டால் போதும், போனே வேண்டாம் என்றார்கள். 2024 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. விலை 699 டாலர், அதற்கு மேல் மாதம் 24 டாலர் சந்தா. அறிமுக வீடியோ பிரமாதம். 2025 பிப்ரவரியில் நிறுவனம் தன் தொழில்நுட்பத்தை ஹெச்பிக்கு விற்றது, அந்த மாதம் 28-ஆம் தேதியோடு வாங்கியவர்களின் பின்கள் வேலை செய்வதை நிறுத்தின. ஒரு வருடம் கூட ஆகவில்லை.

ஊசி குத்தாமல் சுகர் பார்க்கும் வாட்ச் வந்துவிட்டதாமே?

வரவில்லை. இதை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடி வாங்கியது என் வீட்டில்.

என் சித்தப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. நெட்டில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, பெயர் தெரியாத ஒரு கம்பெனியின் வாட்சை இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து வரவழைத்தார். காலையில் 108, மத்தியானம் 112, ராத்திரி 106. மனுஷருக்கு ஒரே சந்தோஷம். பலாச்சுளை சாப்பிட்டாலும் 110. பண்ருட்டிப் பலா பத்துச் சுளை உள்ளே போயும் ஏறவில்லை என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. கடையில் வைத்து அந்த வாட்சை ஒரு வாழைக்காயில் கட்டினேன். நாடித் துடிப்பு 76, சுகர் 104 என்று காட்டியது. சித்தப்பா அந்த வாழைக்காயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்தால் சாப்பாட்டுக்கு அப்புறம் 260-க்கு மேல்.

வாட்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு தோலுக்குள் போய்த் திரும்பும் வெளிச்சத்தை அளக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதால் வெளிச்சமும் கூடிக் குறையும், அதிலிருந்து துடிப்பை எண்ணுகிறது. நல்ல வாட்சில் இது சரியாகவே வேலை செய்யும். ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்பதை அந்த வெளிச்சத்திலிருந்து எடுக்க உலகத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் பல வருடமாக முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன. தோலைக் குத்தாமல் தானாகவே சுகர் அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரிக்கையே விட்டது. கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வேறு. அதில் மயிரிழை போன்ற ஒரு இழை தோலுக்கு அடியில் போகிறது. அது உண்மையான கருவி, ஆனால் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

ஆழ்கடல் நேரலையில் அப்படி என்ன இருக்கிறது? இருட்டாகத்தானே இருக்கிறது?

முதல் அரை மணி நேரம் அப்படித்தான். ஷ்மிட் ஓஷன் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு தன் கப்பலிலிருந்து சூபாஸ்டியன் என்ற இயந்திரத்தைக் கயிற்றில் இறக்கி, அது பார்ப்பதையெல்லாம் நேரலையாகக் காட்டுகிறது. விஞ்ஞானிகள் பேசிக்கொள்வதும் கேட்கும். "இது என்ன?" "தெரியலையே" என்று அவர்கள் விழிக்கும் இடங்கள்தான் எனக்குப் பிடித்தவை.

2025 மார்ச் 9-ஆம் தேதி, தென் அட்லான்டிக்கில் சவுத் சாண்ட்விச் தீவுகள் பக்கம், 600 மீட்டர் ஆழத்தில் அந்த இயந்திரம் 30 செ.மீ. நீளமுள்ள கண்ணாடி போன்ற ஒரு குட்டியைப் படம் பிடித்தது. அது கொலாசல் ஸ்க்விட் என்ற ராட்சதக் கடம்பாவின் குட்டி. அந்த இனத்துக்கு 1925-இல் பெயர் வைத்தார்கள். நூறு வருடமாகத் திமிங்கிலத்தின் வயிற்றிலும் வலையிலும் கிடைத்ததுதான், கடலுக்குள் உயிரோடு நீந்துவதை உறுதியாகப் படம் எடுத்தது அதுவே முதல் முறை.

தண்ணீர் புகுந்த போனோடு வந்திருந்த சிங்காரத்தோப்பு மீனவர் ஒருவர் டிவியில் அதைப் பார்த்துவிட்டு, "எங்க வலையில வந்தா செத்துதான் வரும், இது உசுரோட என்ன பளபளப்பா இருக்கு பாரு" என்றார். அவர் போன் பிழைக்கவில்லை.

நம் பக்கமும் ஆழ்கடல் வேலை நடக்கிறது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் மத்ஸ்யா-6000 என்ற வாகனத்தைச் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கி வருகிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது, நம்மில் பலர் பஸ்ஸில் தாண்டிப் போயிருப்போம்.

புயல் நேரத்தில் எதைப் பார்ப்பது?

வாட்ஸப்பில் வரும் ஆடியோவை விட்டுவிட்டு, வானிலைத் துறையின் காரைக்கால் ரேடார் படத்தைப் பாருங்கள். ரேடார் அனுப்பும் ரேடியோ அலை மழைத்துளியில் பட்டுத் திரும்புவதை வைத்து வரைவது அந்தப் படம். சிவப்பு நோக்கி நிறம் போகப் போக மழை கனம். ஒரே ஒரு படத்தில் ஒன்றும் புரியாது. அடுத்தடுத்த படங்களைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தால் மழைப் பட்டை எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். விண்வெளியிலிருந்து மேகத்தைப் பார்க்க இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோள் இருக்கிறது, 2024 பிப்ரவரி 17-இல் ஏவியது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பலா மரத்தையும் முந்திரியையும் சாய்த்துவிட்டு மளமளவென்று போனதைப் பார்த்த நாங்கள் இதுவும் அப்படித்தான் போகும் என்று நினைத்தோம். ஃபெஞ்சல் நகரவே இல்லை. மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டியது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை. புயல் எவ்வளவு வேகமாகக் காற்றடிக்கிறது என்பதோடு எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

"உலகையே மாற்றும் கண்டுபிடிப்பு" என்று செய்தி வந்தால் உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு மூன்று வாரம் காத்திருங்கள். வேறு ஆய்வகம் செய்து பார்த்ததா என்று தேடுங்கள்.

2023 ஜூலையில் தென்கொரியக் குழு ஒன்று எல்கே-99 என்ற பொருளை அறிவித்தது. சாதாரண அறை வெப்பத்திலேயே மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் என்றார்கள். உண்மையானால் மின்கம்பி முதல் ஸ்கேன் மெஷின் வரை எல்லாம் மாறும். கல் போன்ற ஒரு கருப்புத் துணுக்கு காந்தத்தின் மேல் ஒரு முனை ஒட்டியபடி மிதக்கும் வீடியோ எல்லார் போனிலும் ஓடியது. அதன் பிறகு நடந்ததுதான் பார்க்க அருமை. உலகமெங்கும் ஆய்வகங்கள், சில தனி ஆட்கள்கூட, செம்பும் ஈயமும் பாஸ்பரசும் வாங்கி உலையில் வைத்துச் சுட்டார்கள். சிலர் உலையையே நேரலையில் காட்டினார்கள். ஆகஸ்ட் நடுவுக்குள் குட்டு உடைந்தது. மின்தடை திடீரென்று இறங்கியதற்குக் காரணம் அதில் கலந்திருந்த காப்பர் சல்பைடு என்ற கலப்படம். ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் கலப்படமில்லாமல் அந்தப் படிகத்தை வளர்த்தபோது அது ஊதா நிறத்தில் கண்ணாடி போல இருந்தது, மின்சாரத்தைக் கடத்தவே இல்லை.

முழுப் பொய் இல்லாத செய்தியிலும் கணக்கைக் கவனிக்க வேண்டும். 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் அணுக்கரு இணைவில், அதாவது சூரியனுக்குள் நடப்பது போல அணுக்கருக்களை ஒன்றுசேர்ப்பதில், 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். உண்மையான சாதனை. ஆனால் அந்த லேசரை ஓட்ட மின்கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். இரண்டு ரூபாய் போட்டு மூன்று ரூபாய் எடுத்த கடைக்குப் போக முந்நூறு ரூபாய் ஆட்டோ பிடித்த மாதிரி. கரண்ட் பில் நாளைக்கே குறையாது.

பார்ப்பதோடு சரியா? நாமும் ஏதாவது செய்யலாமா?

ஃபைஃபாக்ஸ் என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது, ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் செய்தது. போனுக்குள் இருக்கும் சென்சார்களை ஆய்வகக் கருவியாக மாற்றிவிடும். அதில் சத்தம் கேட்டால் ஓடத் தொடங்கி, அடுத்த சத்தத்தில் நிற்கும் கடிகாரம் ஒன்று உண்டு. இரண்டு போனைப் பத்து மீட்டர் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒரு போன் பக்கத்தில் நிற்பவர் முதலில் தட்ட வேண்டும், பிறகு மற்றவர். இரண்டு போனும் காட்டும் நேரத்துக்கு இடையில் சின்ன வித்தியாசம் இருக்கும், ஒலி அந்தப் பத்து மீட்டரைப் போய்வர எடுத்துக்கொண்ட நேரம் அது.

நானும் என் அக்கா மகனும் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை ஆறு மணிக்குப் போய் முயன்றோம். அலைச் சத்தத்திலேயே கடிகாரம் ஓடிவிட்டது. உள்ளே ரோமன் ரோலண்ட் வீதிக்குத் தள்ளிப்போய், கை தட்டுவதற்குப் பதில் இரண்டு கொட்டாங்குச்சியை மோதினோம். 0.058 நொடி வந்தது. 20 மீட்டரை அதால் வகுத்தால் நொடிக்கு 345 மீட்டர். 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் 349 என்று புத்தகம் சொல்கிறது. ஒரு வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து, "யாருப்பா காலங்காத்தால?" என்றார்.

ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் மனு பிரகாஷின் குழு செய்தவற்றையும் தேடிப் பாருங்கள். சட்டைப் பட்டனில் நூலைக் கோத்து முறுக்கி இழுத்து விர் விர்ரென்று சுற்றவிடுவோமே, அதே விளையாட்டை வைத்து 2017-இல் ரத்தத்தைப் பிரிக்கும் காகித இயந்திரம் செய்தார்கள். கரண்ட் வேண்டாம், ஒன்றரை நிமிடத்தில் ரத்தம் பிரிகிறது. காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்டுஸ்கோப் நுண்ணோக்கியும் அவர்களுடையதுதான்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராதே?

யூடியூபில் அடியில் ஓடும் வசனத்தைத் தமிழுக்குத் தானாக மொழிபெயர்க்கச் சொல்லலாம். சில நேரம் சிரிப்பு வரும். ராக்கெட்டின் ஸ்டேஜ் கழன்றதை "மேடை பிரிந்தது" என்று போட்டது. ஆனாலும் பாதிக்கு மேல் படத்திலேயே புரிந்துவிடும்.

டேட்டா தீர்ந்துவிடாதா?

தரத்தை 480-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். மணிக்கு அரை ஜிபி போலத்தான் ஆகும்.

நேரில் பார்க்க இங்கே ஏதாவது இருக்கிறதா?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கின்றன. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம், 2.3 மீட்டர் தொலைநோக்கியோடு, கொஞ்சம் தூரம். அதிகம் பேர் கவனிக்காதது புதுச்சேரியிலேயே உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1975-இல் தொடங்கியது. டெங்கு வைரஸைக் கொசுவின் உடலுக்குள் பெருகவிடாமல் செய்யும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏடிஸ் கொசுவுக்குள் ஏற்றி வளர்த்திருப்பதாக அங்கே 2022-இல் அறிவித்தார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இப்படிப்பட்ட கொசுக்களை வெளியே விட்டுப் பார்த்ததில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. டெங்கு சீசனில் கொசுவை வளர்க்கிறார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நீங்கள் இப்போது எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

2027 ஆகஸ்ட் 2 சூரிய கிரகணத்துக்காக. எகிப்தின் லக்சர் பக்கம் ஆறு நிமிடத்துக்கு மேல் முழுதாக மறையும், நமக்குச் சாயங்காலம் பகுதி கிரகணம் தெரியும். கிரகணம் பார்க்கும் கண்ணாடி இல்லாமல் பார்க்கக் கூடாது, எக்ஸ்ரே ஃபிலிமும் ஆகாது. ஆகஸ்ட் மாதச் சாயங்காலத்தில் கடலூர் வானத்தை நம்ப முடியாது. லெ ஜான்ட்டிக்கு வந்த மேகம் எனக்கும் வரலாம். வந்தால் கடைக்கு ஓடிவந்து லக்சர் நேரலையைத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொள்வேன். அன்று திங்கட்கிழமை. மத்தியானத்துக்கு மேல் டிஸ்ப்ளே மாற்ற யாரும் வராதீர்கள்.